மேனேஜர் ஏன் நொண்டுகிறது

மர்பி டவுன், பெங்களூர்
புதன்கிழமை

அன்புள்ள மமதா அப்பாவுக்கு,

சரசு எழுதுவது. இங்கே நான், மமதா, கடை எல்லாம் நலம். மேனேஜர் மட்டும் நொண்டுகிறது. அங்கே உங்கள் உடம்பு எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் "நல்லாருக்கேன்" என்பீர்கள். அதை உங்களோடு வேலை செய்கிற ஹெர்பர்ட்டிடம் கேட்டுக்கொண்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, வெச்சிடவா" என்கிறீர்கள். ரூமில் மற்றவர்கள் படுத்திருக்கிறார்கள், அவர்கள் முன்னால் நீங்களும் என்னத்தைத்தான் பேசுவீர்கள். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் திரும்ப எடுத்துப் படிக்கலாம். ஹெர்பர்ட் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் பக்கத்தில் வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். எண்ணெய்க் கறை இருந்தால் அவனைக் கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் கான்ட்ராக்ட் முடியப்போகிறது, மேற்கொண்டு இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவீர்களா மாட்டீர்களா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இதை ஹெர்பர்ட் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். நீங்கள் சொல்லவில்லை. எனக்குக் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் மேனேஜர் சங்கதி.

தொம்மலூரில் மூடிய அந்த ஆபீஸில் பழைய மேஜை நாற்காலி எடுக்கப் போனபோது, மேனேஜர் ரூம் மேஜைக்கு அடியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டு வந்த நாய்க்குட்டியா இது என்று இப்போது பார்த்தால் நம்ப மாட்டீர்கள். அன்றைக்கு உங்கள் சட்டைக்குள் இருந்தது. இப்போது சுழல் நாற்காலியில் ஏறிப் படுத்தால் வாலும் ஒரு காலும் வெளியே தொங்குகின்றன. நீங்கள் வைத்த பெயரால் எனக்குத் தினம் ஒரு கூத்து. யாராவது வந்து "மேனேஜரைப் பார்க்கணும்" என்றால் கடைப்பையன் ராகேஷ் சிரிக்காமல் நாயைக் காட்டுகிறான். போன வாரம் புதிதாகக் கம்பெனி ஆரம்பிக்கிற ஒரு பிள்ளை, இருபது நாற்காலிக்கு விலை பேச வந்தவன், மேனேஜருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான். இதுவும் கொடுத்தது. விலையை மட்டும் என்னிடம்தான் பேசினான்.

முன்னங்காலில் வலது கால். ஒருநாள் நன்றாக ஓடும், மறுநாள் தூக்கித் தூக்கி வைக்கும். இரண்டு நாளில் சரியாகிவிடும், திரும்ப ஆரம்பிக்கும். நம் யார்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆணி, ஸ்டேப்ளர் பின், உடைந்த மேஜைக் கண்ணாடி. ஏதோ ஏறியிருக்கிறது என்று மடியில் போட்டு, மமதா டார்ச் பிடிக்க, விரல் விரலாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அது என் கையை நக்கிவிட்டுத் தூங்கிப்போனது.

பிறகு நடிக்கிறது என்று நினைத்தேன். நடிப்பவர்களோடுதானே எனக்கு நாள் முழுக்கப் பிழைப்பு. "வேற கடையில இதவிட கம்மி" என்று சொல்லிவிட்டு வாசல் கேட் வரைக்கும் நடந்து போகிறவனை நான் ஒருநாளும் திரும்பக் கூப்பிட்டதில்லை, அவனே வருவான். மேனேஜரையும் அப்படிச் சோதித்தேன். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது நொண்டுவதைப் பார்க்காதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நொண்டிக்கொண்டே வந்து காலடியில் படுத்தது. பிஸ்கட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடிக்கிறவன் சரக்கை ஓரக்கண்ணாலாவது பார்ப்பான். நிஜமாகவே வலிக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் ராகேஷ் மேல் சந்தேகப்பட்டேன். லோடு இறக்கும்போது குறுக்கே வந்தது என்று உதைத்திருப்பானோ என்று. கேட்டும்விட்டேன். அவன் கையிலிருந்த டிராயரைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஏன்கா உதைக்கப்போறேன்? என் டிபன்ல பாதி அதுதானே சாப்பிடுது. உதைக்கறதா இருந்தா அது டிபன்ல வாய் வெச்ச அன்னைக்கே உதைச்சிருக்கணும்" என்றான். மத்தியானம் முட்டையை அதற்கே வைத்துவிட்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்தான். மமதாவும் அவன் பக்கம். "அப்பா இருந்திருந்தா உன்ன மன்னிப்பு கேக்க வெச்சிருப்பார்" என்றாள். கேட்டேன். சாயந்திரம் அவனுக்கு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அதிலும் பாதி மேனேஜருக்குப் போனது.

அல்சூரில் டாக்டர் ஸ்ரீவித்யாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஆட்டோக்காரர் நாயை ஏற்ற மாட்டேன் என்றார், "நாய் இல்லண்ணா, மேனேஜர்" என்று மமதா சொன்னதில் சிரித்து ஏற்றிக்கொண்டார். எக்ஸ்ரே எடுக்கும்போது அது பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு அப்பாகூட இவ்வளவு அழகாகச் சிரிக்கவில்லை என்றாள் உங்கள் மகள். எலும்பு முறியவில்லை. உயரத்திலிருந்து குதிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். எங்கள் மேனேஜர் ஒரு படி இறங்கவே மூன்று தடவை யோசிக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "வீக்கம் ஆறுறதுக்குள்ள அதே இடத்துல மறுபடி அடி படுதும்மா. நீங்க பாக்காதப்ப என்ன பண்ணுதுன்னு பாருங்க" என்றார். இன்னும் சின்ன வயசுதானாம். இப்படியே போனால் ஆயுசுக்கும் நொண்டியாகிவிடும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குக் கடையில் மனசு நிற்கவில்லை.

கடையில் கேமரா இருக்கிறது. ஆனால் அது கல்லாவையும் முன் கேட்டையும் பார்க்கிறது. திருடனைப் பார்க்க வைத்தது, நாயைப் பார்க்க வைத்ததில்லை. நாளைக்கு அதைப் பின்பக்கம் திருப்பப்போகிறேன்.

வெள்ளிக்கிழமை

தெரிந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று முழுக்கக் கேமரா பின் யார்டைப் பார்த்தது. சாயந்திரம் கடை சாத்தியதும் மமதாவும் நானும் போனில் ஓட்டிப் பார்த்தோம். நான் முன்னால் வியாபாரத்துக்கு எழுந்து போகிற வரைக்கும் அது உத்தமனாகப் படுத்திருக்கிறது. நான் போனதும் எழுந்து முதலில் நாற்காலி, அதிலிருந்து ஃபைல் கேபினெட், அதிலிருந்து மேஜை அடுக்கு என்று திருடன் மாதிரி மேலே ஏறுகிறது. உங்கள் தோளுக்கு மேல் மேஜை அடுக்கவே கூடாது என்பீர்களே, நீங்கள் போன பிறகு இடம் போதவில்லை என்று நான் தகரக் கூரை வரைக்கும் அடுக்கிவிட்டேன். அதன் உச்சியில் போய் உட்கார்ந்தால் சுவருக்கு மேலே தலை தெரிகிறது. அங்கிருந்து பின் சந்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தூங்கவில்லை, சொறிந்துகொள்ளக்கூட இல்லை.

திடீரென்று காது நிமிர்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரே தாவு. முன்னங்கால் ஊன்றிச் சரிந்து, புரண்டு எழுந்து, பின் கேட்டுக்கு ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காலைத் தூக்கியபடி திரும்பி வருகிறது. மமதா அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினாள். "எதையோ கேக்குதும்மா" என்றாள். நம் கேமராவில் சத்தம் வராது.

இன்று காலை கல்லாவை ராகேஷிடம் விட்டுவிட்டுப் பின்பக்கம் பீரோ மறைவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சரசு அக்கா கல்லாவை விட்டு எழுந்துவிட்டாள் என்று டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று விசாரித்துப் போனார். ஆட்டோ போனது, குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது, டெலிவரி பைக் நாலைந்து போயின. மேனேஜர் மேலே அசையவே இல்லை.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது.

நம் பழைய குட்டியானை லோடு வண்டி ரிவர்ஸ் வரும் சத்தம். ஜே.சி. ரோட்டில் ரிவர்ஸ் ஹாரன் வாங்கி நீங்கள் ஆசையாக மாட்டினீர்களே, குருவி கத்துகிற மாதிரி. வயர் லூஸாகி நடுவில் ஒரு இடத்தில் விக்கி நின்று மறுபடி கத்தும். அதைச் சரி பண்ணுங்கள் என்று நான் எத்தனை நாள் கத்தியிருப்பேன். சரி பண்ணாமலே விற்றுவிட்டுப் போனீர்கள். அதே விக்கல்.

மேனேஜர் குதித்ததை நான் பார்க்கவில்லை. அதற்கு முன்னாலேயே நான் எழுந்து நின்றிருந்தேன். என் வாய் "ராகேஷ், அண்ணனுக்கு டீ சொல்லு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டது. ராகேஷ் கல்லாவிலிருந்து எட்டி என்னைப் பார்த்தான். நான் முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு பின் கேட்டுக்குப் போனேன்.

கிருஷ்ணப்பா இறங்கிக்கொண்டிருந்தான். நீங்கள் வண்டியை விற்ற அதே தொம்மலூர் கிருஷ்ணப்பாதான். பின் சந்தில் புதிதாகப் பெண்கள் பி.ஜி. ஹாஸ்டல் ஒன்று வந்திருக்கிறது, அங்கே தண்ணீர் கேன் இறக்க வருகிறானாம். கேன் தீர்கிற நாளில் வருவான், தீராத நாளில் வரமாட்டான். மேனேஜர் ஒருநாள் ஓடுவதும் ஒருநாள் நொண்டுவதும் அந்தக் கணக்குத்தான். முன்னால் ரோட்டுச் சத்தத்தில் எனக்கு இது காதில் விழுந்ததே இல்லை.

கேட் இடுக்கில் மூக்கை விட்டுக்கொண்டு மேனேஜர் நின்றது. நான் திறந்துவிட்டேன். கிருஷ்ணப்பாவைத் தாண்டிக்கொண்டு டிரைவர் கதவுக்குப் போனது. கதவை மோந்தது. படியை மோந்தது. உள்ளே காலி சீட்டை நிமிர்ந்து பார்த்தது. அப்புறம் திரும்பி மூன்று காலில் நடந்து என்னிடம் வந்தது.

"நான் வர்றப்பெல்லாம் இதே கதைதான்கா" என்றான் கிருஷ்ணப்பா. "கேட்டுக்கு உள்ள நின்னு நான் எறங்குற வரைக்கும் சாமி வந்தாப்ல பாக்குது. எறங்கினதும், ஏ நீயான்னு மூஞ்சியத் திருப்பிக்குது. எனக்கே வெக்கமா இருக்கும். முனிராஜண்ணா வண்டில நான் ஏன் ஒக்காந்தேன்னு." விஷயத்தைச் சொன்னேன். அய்யோ தேவரே என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு வயர்தானே, இப்பவே பிடுங்கிப் போட்டுவிடுகிறேன் என்று ஸ்குரூ டிரைவர் எடுத்தான். நல்லது, பிடுங்கு என்றேன்.

அவன் வண்டிக்கடியில் குனிந்துவிட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஏன்கா என்றான். சந்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வண்டி பின்னால் வருவது தெரிய வேண்டாமா என்றேன். அவன் சரி என்றான். என் முகத்தைப் பார்க்காமல் கேனைத் தூக்கிக்கொண்டு போனான்.

மத்தியானமே ராகேஷும் நானும் மேஜைகளை இறக்கிவிட்டோம். இப்போது உங்கள் தோளுக்குக் கீழேதான் எல்லாம். பாதி மேஜை தார்ப்பாய்க்கு அடியில் வெளியே கிடக்கிறது, கிடக்கட்டும். ஆனால் மேலே ஏற வழியில்லை என்று தெரிந்ததும் மேனேஜர் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மாதிரி முனகியது. வெல்டிங்காரரைக் கூப்பிட்டுப் பின் கேட் தகரத்தில் அதன் மூக்கு உயரத்துக்கு ஒரு சதுரம் வெட்டச் சொல்லிவிட்டேன். "நாய்க்கு ஜன்னலா மேடம்?" என்று சிரித்தார். காசுக்கு வேலை செய்கிறவர் சிரிக்காமல் வெட்டட்டும் என்றேன். அது காத்திருப்பதை நான் நிறுத்த முடியாது. தரையில் நின்று காத்திருக்கட்டும்.

சனிக்கிழமை

சாயந்திரம் ஹெர்பர்ட் வந்து பார்சலை வாங்கிக்கொள்வான். அதற்குள் முடிக்க வேண்டும்.

மேனேஜர் இன்று காலை நன்றாக நடக்கிறது. குதிக்காமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் போனில் சொன்னார்.

கிருஷ்ணப்பா காலையில் வந்தான், கேன் இல்லாமல். பெரிய வண்டி எடுக்கப்போகிறான், குட்டியானையைக் கொடுத்துவிடப்போகிறான். ஓசூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறாராம். "நேத்து அது கதவ மோந்தது மனசுல நின்னுடுச்சுக்கா. மொதல்ல உங்களத்தான் கேக்கணும்னு வந்தேன்" என்றான். மாதக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். ஆச்சரியப்பட்டான். "நூறு நாற்காலிய நின்ன எடத்துல முடிக்கிற ஆளு நீங்க. ஒரு பழைய வண்டிக்கு மாசக் கடைசியா?" என்றான். ஓட்ட ஆள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க முடியும் என்றேன். டிரைவர் வேண்டுமென்றால் தான் பார்த்துத் தருவதாகச் சொன்னான். சம்பளத்துக்கு ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது கடைசிக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் மஸ்கட் போனது மமதா படிப்புக்காக என்று ஊருக்குச் சொன்னோம். அது பொய்யில்லை. ஆனால் அதுமட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் உங்களை என் டிரைவர் என்று நினைத்தார்கள். "சரசு அக்கா வண்டி, சரசு அக்கா டிரைவர்" என்றார்கள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது. நீங்கள் போகிறேன் என்றபோது நான் தடுக்காததும் அதனால்தான். ஒரு மனுஷனுக்குத் தன் கையால் சம்பாதித்தேன் என்ற நினைப்பு வேண்டியிருக்கிறது. எனக்கு வேண்டியிருந்ததே. நடைபாதையில் நாலு உடைந்த நாற்காலியோடு உட்கார்ந்த காலத்தில் என்னை யாராவது தடுத்திருந்தால் நான் கேட்டிருப்பேனா?

ஆகவே வியாபாரமாகவே பேசுகிறேன். எனக்கு அதுதான் வரும். குட்டியானையை வாங்கினால் உங்கள் பெயரில் வாங்குவேன். என் சரக்கை ஏற்றினால் ஊரில் மற்றவர்கள் கேட்கிற வாடகையை நீங்களும் கேளுங்கள். நான் பேரம் பேசுவேன், அதை மட்டும் என்னால் விட முடியாது. மற்றக் கடைகளுக்கு ஓட்டினாலும் ஓட்டுங்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். எப்போது வருவீர்கள் என்று கேட்பேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுதினாலும் அதுவும் ஒரு பதில்தான். திட்ட மாட்டேன். ஓசூர்க்காரருக்கே கொடுத்துவிடு என்று கிருஷ்ணப்பாவிடம் சொல்லிவிடுவேன். பிறகு அந்தச் சத்தம் இந்தச் சந்தில் வராது. மேனேஜரின் காலுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஹெர்பர்ட் ஒன்று சொன்னான். சொல்லாதே என்று நீங்கள் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னான், அவனைத் திட்டாதீர்கள். நீங்கள் அங்கே ஓட்டுகிற டிரெய்லர் லாரியிலிருந்து இறங்கினால் இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறீர்களாமே. கேட்டால் சூடு, வேலை, வயசு என்கிறீர்களாம். இங்கே மேனேஜருக்கு ஏன் கால் வலி என்று தெரிந்துகொள்ளக் கேமராவைத் திருப்பினேன். உங்கள் பக்கம் நான் எதைத் திருப்புவது?

பொடி டப்பாவுக்குக் கீழே தைலம் வைத்திருக்கிறேன். ராத்திரி தேய்த்துக்கொண்டு படுங்கள். ஊறுகாயை ரூமில் எல்லோருக்கும் கொடுங்கள், ஆனால் முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது அவசரப்பட்டுக் குதிக்காதீர்கள். படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்குங்கள். எங்கே இருந்தாலும் நல்ல காலோடு, நல்ல உடம்போடு இருக்க வேண்டும் என்று நம் முத்துமாரியம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டில் வெட்டிய சதுரம் மேனேஜருக்காக என்றுதான் வெல்டிங்காரரிடம் சொன்னேன். இன்று காலை கல்லா மேஜையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் போட்டேன். ராகேஷ் ஏன் என்று கேட்டான், காற்று வரட்டும் என்றேன். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கும் சந்து தெரிகிறது.

பின் கேட்டைத் தாழ் போடாமல்,
சரசு